நியூயார்க்கின் பாலங்களும் அவற்றின் நிழலில் வாழ்ந்தோரும்

கலீல் ஜிப்ரானின் எழுத்துகளைத் தமிழாக்கத்தில் படித்துச் சுவைத்தோர் நம் வாசகரிடையே பலர் உண்டு. அவரும் அவருடைய நண்பர்களும் 1920ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் 'அர்ராபித்தத்துல் கலமிய்யா' என்னும் எழுதுகோல் கழகத்தைப் புதுப்பொலிவுடன் நிறுவி, நவீன அரபு இலக்கியத்தின் போக்கையே மாற்றினர் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் அவ்வெழுத்தாளர்களுக்கு இதழ்களையும் அச்சகங்களையும் வாசகர்களையும் ஈந்த ஒரு தெரு இருந்ததே, அது என்னவாயிற்று என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

மன்ஹாட்டன் தீவின் தென்முனையில், கப்பலிலிருந்து இறங்கியவர் கூப்பிடு தொலைவில் அடையத்தக்க இடத்தில் இருந்தது வாஷிங்டன் தெரு. துருக்கிய சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்த சிரிய நாட்டிலிருந்து, அதாவது இன்றைய லெபனானும் சிரியாவும் அடங்கிய நிலப்பரப்பிலிருந்து, 1880களில் வரத் தொடங்கிய மக்கள் அங்கே குடியேறினர். பெரும்பாலோர் மெல்கைட், மாரோனைட், கீழைத்திருச்சபைக் கிறிஸ்தவர்கள். முஸ்லிம்கள் சிறு தொகையினர். சரிகை, துணிமணி, செபமாலை, சில்லறைச் சாமான்கள் ஆகியவற்றைப் பெட்டியில் கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர்கள் அவர்கள். நம் நாட்டுக் கரையோர ஊர்களிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து வணிகம் செய்தோரின் நினைவு நமக்கு வருவது இயல்பே. 1892இல் அமெரிக்காவின் முதல் அரபு செய்தித்தாள் இந்நகரில்தான் வெளிவந்தது. 'சின்னச் சிரியா' என்று பிறர் அழைத்த அவ்வட்டாரத்தில் காப்பிக் கடையும் ஹூக்காவும் மளிகைக் கடையும் பட்டு வணிகமும் தழைத்தன. அருகிலுள்ள ரெக்டர் தெருக் கட்டடம் ஒன்றின் மாடியறையில் தொழுகை நடைபெற்றதை 1912ஆம் ஆண்டின் செய்தித்தாள் ஒன்று பதிவு செய்திருக்கிறது.

அந்தத் தெருவில் இன்று நிற்பவை ஒரு பழைய தேவாலயத்தின் முகப்பும், ஒரு சமூகநலக் கட்டடமும், ஒரு குடியிருப்பு வீடும் மட்டுமே. மற்றவை யாவும் ஒரு சுரங்கச் சாலையின் வாயிலுக்காகவும் உயர்ந்த கட்டடங்களுக்காகவும் இடிக்கப்பட்டன. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்கப் புகுந்தால், அந்நகரின் பாலங்களின் வரலாற்றையும் ரயில்களின் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நியூயார்க் நீரால் துண்டுபட்ட நகரம். அதன் ஐந்து பெரும் பிரிவுகளுள் பிராங்ஸ் ஒன்றே அமெரிக்கப் பெருநிலத்தோடு ஒட்டியது. மன்ஹாட்டன் ஒரு தீவு. ஸ்டேட்டன் மற்றொரு தீவு. புரூக்ளினும் குவீன்ஸும் நீண்ட தீவு எனப்படும் லாங் ஐலண்டின் மேற்கு முனையில் அமைந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புரூக்ளின் தனி நகரமாகவே இருந்தது. மக்கள்தொகையில் அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம் அது. இரண்டுக்கும் இடையே ஓடும் கிழக்கு ஆறு பெயரளவில்தான் ஆறு; உண்மையில் கடலின் ஏற்றவற்றத்தோடு சீறிப் பாயும் உப்புநீர்க் கால்வாய். படகே வழி. 1866-67 குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்துப் படகுப் போக்குவரத்தை முடக்கின. அக்கரையில் வேலையும் இக்கரையில் வீடுமாக இருந்தவர்கள் பட்ட பாட்டைக் கண்ட பிறகே, 1867இல் பாலம் கட்டும் நிறுவனத்திற்குச் சட்டமன்றம் உரிமை வழங்கியது.

பாலத்தை வரைந்தவர் ஜெர்மனியில் பிறந்த ஜான் ரோப்ளிங். இரும்புக் கம்பிவடம் முறுக்கும் தொழிலில் வல்லவர். தொங்குபாலங்கள் பல கண்டவர். 1869ஆம் ஆண்டு கோடையில் தூணின் இடத்தைக் குறிக்கத் துறைமேடையில் நின்றுகொண்டிருந்தபோது, கரையணைந்த படகு மோதி அவருடைய பாதம் நசுங்கியது. இசிவுநோய் கண்டு சில வாரங்களில் உயிர் துறந்தார். அவர் விரும்பிய பாலத்தின் ஒரு கல்லைக்கூட அவர் காணவில்லை. பொறுப்பு முப்பத்திரண்டு வயதான மகன் வாஷிங்டன் ரோப்ளிங்கின் தோளில் விழுந்தது.

ஆற்றின் நடுவே தூணுக்கு அடித்தளம் இடுவது எப்படி? கவிழ்த்து வைத்த அண்டாவைப் போன்ற, அடிப்பாகமில்லாத மாபெரும் மரப்பெட்டி ஒன்றைச் செய்தார்கள். புரூக்ளின் பக்கத்துப் பெட்டி 168 அடி நீளமும் 102 அடி அகலமும் உடையது. அதை ஆற்றின் அடியில் அமிழ்த்தி, உள்ளே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றி, அந்த இருட்டறைக்குள் மனிதர்களை இறக்கிச் சேற்றையும் பாறையையும் தோண்டச் செய்தனர். தோண்டத் தோண்டப் பெட்டி கீழே இறங்கும். அதன் தலைமேல் கல்தூண் உயரும். அங்கே உழைத்தவர்கள் பெரும்பாலும் ஐரிஷ், ஜெர்மன், இத்தாலியக் குடியேறிகள். ஆழம் மிகுந்தபோது, வெளியே வந்தவர்களுக்கு மூட்டுகளில் பொறுக்கவொண்ணா வலி கண்டது. சிலர் சுருண்டு விழுந்து மாண்டனர். அழுத்தக் காற்றிலிருந்து விரைந்து வெளிவரும்போது குருதியில் கரைந்திருந்த காற்று குமிழிகளாய்ப் பொங்குவதே அந்நோயின் காரணம் என்பது அன்று சரிவரப் புரியவில்லை. மன்ஹாட்டன் பக்கத்துப் பெட்டி 78 அடிக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தை எட்டிய நிலையிலும் கெட்டிப் பாறை தட்டுப்படவில்லை. மேலும் தோண்டினால் மேலும் உயிர்கள் போகும். பல்லாயிரம் ஆண்டுகளாக அசையாதிருக்கும் மணற்படுகையே போதுமென்று இளைய ரோப்ளிங் தோண்டுதலை நிறுத்தினார். அந்தத் தூண் இன்றும் மணல்மேல்தான் நிற்கிறது. பொறியியல் வரலாற்றில் இதைவிடத் துணிவான தீர்மானங்கள் இருக்கலாம். இதைவிட இரக்கமுள்ள தீர்மானம் அரிது என்றே நாம் கருதுகிறோம்.

அவரையும் அதே நோய் 1872இல் வீழ்த்தியது. புரூக்ளின் மேட்டிலிருந்த வீட்டின் சன்னலருகே கிடந்து, தொலைநோக்கிக் கண்ணாடி வழியே வேலையைக் கவனித்தார். அவருடைய மனைவி எமிலி, கணக்கும் கம்பிவடத்தின் தன்மையும் கற்றுத் தேர்ந்து, ஏறத்தாழப் பதினோராண்டுகள் கணவரின் கட்டளைகளைப் பொறியாளர்களுக்கு எடுத்துச் சென்றார். பாலத்தின் குறுக்கே முதல் வண்டியில் சென்றவர் அந்த அம்மையாரே.

இடையில் ஒரு மோசடியும் நிகழ்ந்தது. கம்பி வழங்கும் ஒப்பந்தம் பெற்ற ஹெய்க் என்பவர், சோதனையில் தேறிய கம்பியைக் காட்டிவிட்டுத் தேறாத கம்பியை அனுப்பி வந்தார். 1878இல் இது வெளிப்பட்டபோது பழுதுபட்ட கம்பிகள் வடத்தினுள் ஏறிவிட்டிருந்தன, பிரித்தெடுக்க வழியில்லை. தேவைக்கு ஆறு மடங்கு வலிமை இருக்குமாறு முதலிலேயே திட்டமிட்டிருந்ததால் பாலம் பிழைத்தது. ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்தனர். ஏமாற்றுபவன் ஒருவன் எப்படியும் வருவான் என்று எண்ணிக் கணக்குப் போட்டதுபோல அமைந்துவிட்டது அந்த முதுபெரும் பொறியாளரின் திட்டம்!

1883 மே 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. நடுப்பாவு 1,595 அடி. அன்று உலகின் மிக நீண்ட தொங்குபாலம். எஃகுக் கம்பிவடம் கொண்ட முதல் தொங்குபாலம். அதைக் கட்டுகையில் மாண்டோர் இருபதுக்கும் மேற்பட்டோர். திறந்த ஆறாம் நாளே, பாலம் விழுகிறது என்ற வதந்தியால் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பன்னிருவர் மாண்டனர். மறு ஆண்டு சர்க்கஸ் முதலாளி பார்னம் 21 யானைகளை அதன்மீது நடத்திச் சென்று மக்களின் அச்சத்தைப் போக்கினார். தம் சர்க்கஸுக்கு விளம்பரமும் தேடிக்கொண்டார்.

இந்தப் பாலத்தின் வியப்பு அதன் நீளத்தில் இல்லை. வண்டிகள் செல்லும் தளத்திற்கு மேலே, நடுவில், நடந்து செல்வோருக்கென்று ஓர் உயர்ந்த பாதையை ரோப்ளிங் வைத்தார். நெரிசலான நகரில் வாழ்பவன் காற்று வாங்கவும் வானத்தைப் பார்க்கவும் ஓரிடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். தொடக்கத்தில் நடப்பதற்கு ஒரு சென்ட் வசூலித்தார்கள். 1891இல் அதுவும் நீங்கியது. கம்பிவடத்தால் இழுக்கப்பட்ட ரயிலும் 1883 முதலே பாலத்தின்மீது ஓடியது. ஆக, காலால் நடப்பவன், குதிரைவண்டியில் செல்பவன், ரயிலில் ஏறுபவன் ஆகிய மூவருக்கும் அந்தப் பாலத்தில் இடம் இருந்தது. பின்னாளில் வந்த பெரிய பாலங்கள் இந்தப் பண்பை மறந்தன என்பதை நாம் காணப் போகிறோம்.

'ஆற்றைக் கடக்குமட்டும் அண்ணன் தம்பி, ஆற்றைக் கடந்தால் நீ யார் நான் யார்' என்பது நம் பழமொழி. நியூயார்க்கில் இது தலைகீழாயிற்று. ஆற்றைக் கடக்க வழி பிறந்த பிறகே இரு நகரங்களும் உறவு பேசத் தொடங்கின. ஒன்றாய் இணையலாமா என்று 1894இல் வாக்கெடுத்தபோது, புரூக்ளினில் ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைவிட வெறும் 277 மிகுந்திருந்தன. 1898 சனவரி முதல் நாளில் ஐந்து பிரிவுகளும் சேர்ந்து ஏறத்தாழ 34 லட்சம் மக்கள் வாழும் ஒரே மாநகரமாயின. தங்கள் ஊரின் தனிப்பெயர் கரைந்ததை எண்ணிப் புரூக்ளின் முதியோர் நெடுங்காலம் வருந்தினர்.

அந்நாளில் மன்ஹாட்டனின் கீழைப் பகுதி உலகிலேயே மக்கள் மிக நெருங்கி வாழ்ந்த இடங்களுள் ஒன்று. காற்றும் வெளிச்சமும் புகாத ஐந்தாறு மாடிக் கட்டடங்களில், ருஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கொடுமைக்குத் தப்பி வந்த யூதக் குடும்பங்களும், இத்தாலியரும் பிறரும் ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேராய் உறங்கினர். 1903 டிசம்பரில் வில்லியம்ஸ்பர்க் பாலம் திறந்தபோது, அவர்கள் சாரிசாரியாகப் பாலம் கடந்து புரூக்ளின் கரையில் குடியேறினர். பாலத்தையே அவர்கள் சமூகத்தின் பெயரால் ஏளனமாக அழைத்த செய்தித்தாள்களும் இருந்தன. ஏளனம் மறைந்தது, வில்லியம்ஸ்பர்க்கில் அம்மக்களின் வாழ்வு வேரூன்றியது. அதே வில்லியம்ஸ்பர்க்கில் போலந்து, லிதுவேனியப் பகுதிகளிலிருந்து வந்த தாத்தார் முஸ்லிம்கள் 1907இல் ஒரு சங்கம் அமைத்து, பின்னர் ஒரு கட்டடத்தை விலைக்கு வாங்கிப் பள்ளிவாசலாக்கினர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

1909இல் குவீன்ஸ்பரோ பாலமும் மன்ஹாட்டன் பாலமும் முடிந்தன. 1911இல் கிழக்கு ஆற்றுப் பாலங்கள் நான்கிலும் வண்டிகளுக்கான சுங்கம் ஒழிக்கப்பட்டது.

பாலம் ஆற்றைக் கடக்கச் செய்தது. தொலைவைக் கடக்கச் செய்தது ரயில். தெருக்களின் மேலே இரும்புக் கால்களில் நின்ற உயர்ரயில் 1870களிலேயே ஓடலாயிற்று. நீராவி எஞ்சினின் கரியும் எண்ணெயும் கீழே நடப்போர் தலையில் விழும். இரண்டாம் மாடிச் சன்னலை உரசுவதுபோல் ரயில் போகும். 1888 மார்ச்சுத் திங்களில் அடித்த பெரும் பனிப்புயல் இந்த ரயில்களை வழியிலேயே நிறுத்திப் பயணிகளைச் சிறைப்படுத்தியது. நிலத்துக்கு அடியில் செல்வதே உறுதியான வழி என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. தெருவை அகழ்ந்து, தண்டவாளமிட்டு, மேலே மூடித் தெருவை மீண்டும் அமைக்கும் முறையில் முதல் பாதை உருவாயிற்று. 1904 அக்டோபர் 27ஆம் நாள், நகரமன்றத்திலிருந்து 145ஆவது தெரு வரை, 9 மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்கு, 28 நிலையங்களுடன் அது திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் ரயிலை இயக்கிக் காட்ட அழைக்கப்பட்ட மேயர் மக்கெல்லன், கைப்பிடியை எவரிடமும் தராமல் நெடுந்தொலைவு தாமே ஓட்டிச் சென்றார். முதல் பாதையிலேயே நான்கு தண்டவாளங்கள்: நடுவில் இரண்டு விரைவு ரயிலுக்கு, ஓரத்தில் இரண்டு எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலுக்கு. இரவும் பகலும் ஓயாமல் அந்த ரயில்கள் ஓடுவதற்கு இந்த நான்கு வழி அமைப்பு பேருதவி புரிகிறது.

கட்டணம் ஐந்து சென்ட். எவ்வளவு தூரம் போனாலும் அதே ஐந்து சென்ட்தான். இந்த ஐந்து சென்ட் நாணயம் ஒரு நகரத்தையே வரைந்தது என்றால் மிகையன்று. தையற்கூடத்தில் உழைப்பவன் மன்ஹாட்டனின் இருட்டறையை விட்டுப் பிராங்ஸில் சன்னலும் மரநிழலும் உள்ள வீட்டில் குடியிருக்க முடிந்தது. 1913இல் நகராட்சியும் இரு ரயில் நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் பாதைகள் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே நீண்டன. ரயில் முதலில் வந்தது. வீடுகள் பின்னால் வந்தன. பிராங்ஸின் மக்கள்தொகை 1900இல் இரண்டு லட்சம். 1930இல் பன்னிரண்டரை லட்சத்துக்கும் மேல். குவீன்ஸ் ஒன்றரை லட்சத்திலிருந்து பத்தேமுக்கால் லட்சமாக வளர்ந்தது. மன்ஹாட்டனோ 1910இல் 23 லட்சத்தை எட்டிய பின் குறையலாயிற்று. நிலத்தை முன்கூட்டி வாங்கிப் போட்டவர்கள் பெருஞ்செல்வர் ஆயினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்த நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. முதல் உலகப்போரின்போது விலைவாசி ஏறத்தாழ இருமடங்கானது. கட்டணத்தை உயர்த்த எந்த மேயரும் துணியவில்லை. உயர்த்தினால் அடுத்த தேர்தலில் தோல்வி உறுதி. நிறுவனங்கள் செலவைச் சுருக்கின. 1918 நவம்பர் முதல் நாள், புரூக்ளினில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்க, பழக்கமற்ற ஓர் அலுவலரிடம் ரயில் ஒப்படைக்கப்பட்டது. மால்போன் தெரு வளைவில் அளவு மீறிய வேகத்தில் அது தடம்புரண்டது. மரப்பெட்டிகள் சிதறித் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு அந்தத் தெருவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றினால் பழி தீரும் என்ற நம்பிக்கை எல்லா நாட்டு ஆட்சியாளர்க்கும் பொதுவானது போலும். நிறுவனங்கள் கடனில் மூழ்க, 1940இல் நகராட்சியே அனைத்தையும் விலைக்கு வாங்கியது. ஐந்து சென்ட் கட்டணம் 1948 வரை, 44 ஆண்டுகள், அசையாமல் நின்றது. ஏழைக்கு வீடு தந்த அதே நாணயம் ரயிலைப் பட்டினி போட்டது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறாகாது.

இந்த நிலையில்தான் ராபர்ட் மோசஸ் வருகிறார். எந்தத் தேர்தலிலும் வென்றவர் அல்லர். ஒருமுறை ஆளுநர் பதவிக்கு நின்று படுதோல்வி அடைந்தவர். ஆனால் 1934 முதல் 1968 வரை நியூயார்க்கில் எந்தப் பாலம் எங்கே எழும், எந்தச் சாலை யார் வீட்டின்மேல் போகும் என்பதைத் தீர்மானித்தவர் அவரே. இதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளியது. பாலம் கட்டும் ஆணையம் ஒன்றுக்குத் தலைவரானார். பாலத்தில் வசூலாகும் சுங்கத்தைக் காட்டிக் கடன்பத்திரம் விற்றார். அந்தக் கடன் தீருமுன் அடுத்த பாலம். அதைக் காட்டி அடுத்த கடன். வரிப்பணத்தை நம்பாததால் அவரைக் கேள்வி கேட்பார் இல்லை. 1936இல் டிரைபரோ பாலம், 1939இல் வைட்ஸ்டோன் பாலம், 1964இல் வெரசானோ பாலம் ஆகியவை இவ்வாறு எழுந்தன.

வெரசானோ பாலம் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆத்மார் அம்மான் வரைந்தது. 4,260 அடி நடுப்பாவு; 1981 வரை உலகில் அதைவிட நீண்டது வேறில்லை. அதன் இரு கோபுரங்களும் நேர்செங்குத்தாய் நின்றாலும், உச்சிகளுக்கிடையே உள்ள தூரம் அடிகளுக்கிடையே உள்ளதைவிட ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மிகுதி. பூமி உருண்டையாயிருப்பதே காரணம். இத்தகைய அழகுப் பாலத்தில் ரயிலுக்கு இடமில்லை. நடந்து செல்வோருக்கும் பாதையில்லை. புரூக்ளின் கரையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அதற்காக வீடிழந்தனர். ஸ்டேட்டன் தீவுக்கு நிலத்தடி ரயில் இன்றுவரை செல்லவில்லை. மன்ஹாட்டன் செல்ல விரும்புவோருக்கு 1997 முதல் கட்டணமில்லாப் படகு உள்ளது.

வண்டிகளுக்காக இவ்வளவும் செய்த மோசஸுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுதும் பிறர் ஓட்டப் பின்னால் அமர்ந்தே சென்றார். ஏழைகள் ஏறும் பேருந்துகள் கடற்கரைக்கு வரக்கூடாது என்பதற்காகவே லாங் ஐலண்டுப் பூங்காச் சாலைகளின் மேம்பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்று அவருடைய வரலாற்றை 1974இல் எழுதிய ராபர்ட் காரோ கூறுகிறார். அத்தகைய சாலைகளில் பேருந்துக்கு எங்குமே அனுமதி இருந்ததில்லை என்று மறுப்போரும் உண்டு. நாம் அந்த வழக்குக்குள் போக வேண்டியதில்லை. எழுத்துப்பூர்வமாக நிலைத்துள்ள ஒன்றே போதும்.

பிராங்ஸின் குறுக்கே ஏழு மைல் நீளத்திற்கு ஒரு விரைவுச் சாலை வெட்ட 1948இல் வேலை தொடங்கியது. அதன் வழியில் ஈஸ்ட் டிரெமான்ட் என்னும் பேட்டை இருந்தது. ஐந்து சென்ட் ரயில் கீழை மன்ஹாட்டனின் இருட்டறைகளிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த யூதத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. வசதி குறைவு, ஆனால் வாடகை குறைவு, பள்ளிக்கூடமும் பூங்காவும் பக்கத்தில், கிழவர்களுக்குப் பேச்சுத்துணை உண்டு. நம் வழக்கில் சொல்வதானால் அது ஒரு மஹல்லா. 1952 டிசம்பர் 4ஆம் நாள் அங்கே வீடுவீடாகக் கடிதம் வந்தது: தொண்ணூறு நாளில் காலி செய்க. ஒரே ஒரு மைல் நீளத்தில் 1,530 குடும்பங்கள். இரண்டு தெரு தெற்கே பூங்காவின் ஓரமாகச் சாலையைத் திருப்பினால் மிகச் சில கட்டடங்களே போகும் என்று பொறியாளர்கள் காட்டினர்; சாலையும் நேராகும். இல்லத்தரசிகள் திரண்டு நகரமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். மேயர் பதவிக்கு நின்றவர் வாக்குறுதி தந்தார், வென்றபின் மறந்தார். சாலை மோசஸ் வரைந்த கோட்டிலேயே சென்றது.

தென்பிராங்ஸ் 1970களில் தீப்பற்றி எரிந்ததற்கு அந்தச் சாலை ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. வங்கிகள் சில வட்டாரங்களுக்குக் கடன் மறுத்தன. வீட்டுக்காரர் சிலர் காப்புறுதிப் பணத்திற்காகத் தாங்களே தீ வைத்தனர். பணமுடை கண்ட நகராட்சி தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1977 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் சார்லட் தெருவின் இடிபாடுகளிடையே நின்ற படத்தை உலகமே கண்டது. ஆயினும் ஒரு பேட்டையிலிருந்து நெடுநாள் வாழ்ந்தவர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டால், எஞ்சியவர்கள் அங்கே நிற்பதற்குக் காரணம் குறைந்துபோகும் என்பதை மறுப்பார் யார்?

இனி வாஷிங்டன் தெருவுக்குத் திரும்புவோம். மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து புரூக்ளினுக்கு ஒரு மாபெரும் பாலம் கட்ட மோசஸ் 1939இல் திட்டமிட்டார். கடற்கரைப் பூங்காவின் அழகு பாழாகும் என்று செல்வரும் அறிஞரும் கொதித்தெழுந்தனர். அதிபரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் தம் செய்தித்தாள் பத்தியில் கவலை தெரிவித்தார். முடிவில் போர்த்துறை அமைச்சர், கடற்படைத் தளத்திற்குச் செல்லும் நீர்வழியைப் பகைவர் தகர்க்கும் பாலம் அடைக்கக்கூடும் என்று காரணம் காட்டி அனுமதி மறுத்தார். அந்தத் தளத்திற்கும் கடலுக்கும் இடையே ஏற்கெனவே இரண்டு பாலங்கள் இருந்ததை அவர் கவனியாததுபோல் இருந்துவிட்டார். பாலத்திற்குப் பதிலாக ஆற்றடியில் சுரங்கச் சாலை தோண்ட 1940இல் கால்கோள் நடந்தது. போரால் தடைபட்டு 1950 மே 25இல் திறக்கப்பட்டது. 9,117 அடி நீளம். வடஅமெரிக்காவில் நீருக்கடியில் செல்லும் வண்டிச் சுரங்கங்களுள் மிக நீண்டது.

பூங்கா பிழைத்தது. ஆற்றுக் காட்சி பிழைத்தது. சுரங்கத்தின் வாயிலுக்காகச் சின்னச் சிரியா இடிந்தது. பூங்காவுக்காக எழுந்த குரல்களில் பத்தில் ஒரு பங்கும் அதற்காக எழவில்லை. அழகைக் காக்க வழக்காடத் தெரிந்தவர்கள் ஒருபுறம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசிய கடைக்காரர்கள் மறுபுறம். வடக்கே எஞ்சியிருந்த பகுதியை 1960களில் உலக வர்த்தக மையக் கட்டுமானம் விழுங்கியது. 2001இல் அந்தக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு, மறு ஆண்டில் இடிபாடுகளை அகற்றியபோது, அங்கே முன்பு நின்ற மாரோனைட் தேவாலயத்தின் அடிக்கல் வெளிப்பட்டது. கோபுரங்களுக்குக் கீழே அது அத்தனை ஆண்டுகள் புதைந்து கிடந்திருக்கிறது.

மோசஸ் தோற்ற இடமும் உண்டு. வில்லியம்ஸ்பர்க், மன்ஹாட்டன் பாலங்களிலிருந்து தீவின் குறுக்கே மேற்குச் சுரங்கம் வரை ஒரு விரைவுச் சாலை போட முனைந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் குடும்பங்கள் வீடிழக்கும். 1961இல் அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வும் சாவும் பற்றி நூல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் தம் பேட்டை மக்களைத் திரட்டினார். 1962இல் திட்டம் நிராகரிக்கப்பட்டு, மீண்டும் உயிர்பெற்று, 1968இல் பொதுக்கூட்ட மேடையிலேயே அம்மையார் கைதாகி, 1969இல் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. 1968இலேயே மோசஸின் ஆணையமும் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து அவருடைய பாலங்களில் வண்டிகள் செலுத்தும் சுங்கத்தின் உபரி ரயில்களுக்குச் செல்கிறது! ரயிலுக்கு இடம் தராத பாலங்கள் ரயிலுக்குச் சோறு போடுகின்றன.

இதே உறவு 2025 சனவரி 5இல் இன்னொரு வடிவம் பெற்றது. மன்ஹாட்டனில் 60ஆவது தெருவுக்குத் தெற்கே பகலில் நுழையும் கார்களுக்கு ஒன்பது டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. வருவாய் ரயிலையும் பேருந்தையும் சீரமைக்க. 1911இல் கிழக்கு ஆற்றுப் பாலங்களில் நீங்கிய சுங்கம் வேறு வேடத்தில் திரும்பியதாகச் சிலர் முணுமுணுத்தனர். இரண்டாம் அவென்யூ மக்கள் அறிவார்கள் ரயிலுக்குப் பணமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை. நிலத்தடி ரயில் வரும் என்ற உறுதியை நம்பி 1940களின் தொடக்கத்தில் தங்கள் தெருவின் உயர்ரயிலை இழந்தார்கள். 1972இல் பூமி தோண்டினார்கள், 1975இல் கைவிட்டார்கள், முதல் மூன்று புதிய நிலையங்கள் திறந்தது 2017 சனவரி முதல் நாள். காத்திருந்த தலைமுறை மண்ணுக்குள் போய்விட்டது.

குவீன்ஸைப் பற்றி ஒரு சொல். அங்கே பிளஷிங் என்னும் ஊர் இருக்கிறது. டச்சுக்காரர் ஆண்ட 1657ஆம் ஆண்டில், குவேக்கர் எனப்படும் சமயத்தாரை வீட்டில் ஏற்றக்கூடாதென்று ஆளுநர் ஸ்டைவசண்ட் ஆணையிட்டபோது, அவ்வூரார் முப்பது பேர் மறுத்துக் கையொப்பமிட்டு மனு அனுப்பினர். அன்பும் சுதந்திரமும் யூதருக்கும் துருக்கியருக்கும் எகிப்தியருக்கும்கூட உரியவை என்று அதில் எழுதினர். அந்நாளில் துருக்கியர் என்றால் முஸ்லிம் என்றே பொருள். அங்கே ஒரு முஸ்லிமும் இல்லாதபோது எழுதிய சொல் அது. கையொப்பமிட்டோரில் சிலர் சிறை சென்றனர். 1928இல் அங்கே ரயில் வந்தது; 1965இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டு ஆசிய மக்களுக்குக் கதவு திறந்தது. இன்று ஏழாம் எண் ரயிலின் தடத்தில் ஜாக்சன் ஹைட்ஸில் வங்காளிகளும் பாகிஸ்தானியரும் கடை விரித்திருக்கின்றனர். 1920களில் யூதருக்கும் கறுப்பருக்கும் வீடு தர மறுத்த பேட்டை அது. கடைசி நிலையமான பிளஷிங்கில் பள்ளிவாசல் உண்டு. தமிழரான அழகப்பா அழகப்பன் முன்னின்று எழுப்பி 1977இல் குடமுழுக்குக் கண்ட விநாயகர் கோயிலும் உண்டு. அக்கோயிலின் உணவகத்தில் தோசை உண்ண எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள்.

சின்னச் சிரியாவின் மக்கள் எங்கே போனார்கள்? 1908 சனவரியில் மன்ஹாட்டனுக்கும் புரூக்ளினுக்கும் இடையே ஆற்றடியில் முதல் ரயில் சுரங்கம் திறந்தது. வாஷிங்டன் தெருவிலிருந்து சில நிமிட நடையில் பௌலிங் கிரீன் நிலையம். கையில் காசு சேர்ந்த குடும்பங்கள் அன்றிலிருந்தே மெல்ல மெல்ல அக்கரைக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன. கடையை இக்கரையில் வைத்து வீட்டை அக்கரையில் வைத்தன. இடிப்பு வந்தபோது கடைகளும் பின்தொடர்ந்தன. 1948இல் வாஷிங்டன் தெருவிலிருந்து அட்லாண்டிக் அவென்யூவுக்கு மாறிய ஒரு மளிகைக் கடை இன்றும் ஸைத்தூன் காய்களையும் பேரீச்சம் பழங்களையும் நிறுத்து விற்கிறது. பௌலிங் கிரீனில் ரயிலேறினால் ஆற்றுக்கு அடியில் சென்று அடுத்த நிறுத்தம் பரோ ஹால். அங்கே இறங்கித் தெற்கே சிறிது தூரம் நடந்தால் அந்தக் கடை வந்துவிடும்.